மோனிஷா கண்ட கல்

தம்பி,

கடிதம் என்று நான் கடைசியாக எழுதியது நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது. அதுவும் உனக்கு இல்லை, உன் வகுப்பு ஆசிரியைக்கு. உனக்கு வராத காய்ச்சல் வந்துவிட்டதாக எழுதி, கீழே உன் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். அதற்குப் பிறகு நமக்குள் எல்லாம் போன்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் குளிர் தேசத்திலிருந்து நீ கூப்பிடுகிறாய். என் நெற்றியையும் கடையின் சீலிங் ஃபேனையும் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, போன கொஞ்சம் கீழ இறக்கிப் புடி" என்கிறாய். நான் இறக்குகிறேன். அப்போது உன் முகம் தெரிகிறது. முகம் தெரிந்ததும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். "மீன் வாங்கினேன்டா, வவ்வால் நல்லா கெடச்சுது" என்று வேறு எதையாவது சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக நான் உன்னிடம் எத்தனை வகை மீனைப் பற்றிப் பேசியிருக்கிறேன் என்று யோசித்துப் பார். நான் அவ்வளவு மீன் சாப்பிடுகிறவளும் இல்லை.

இதை நம் பங்குக் கோயில் மாத மடலில் போடுகிறேன். உனக்குத் தெரியும், அந்த மடலைத் தட்டச்சு செய்து பக்கம் கட்டுவது நம் கடைதான், கடைசிப் பக்கத்தில் சிரிப்பு எழுதுவதும் நான்தான். மாதா சபைக் கூட்டத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, பூசைக்கு நடுவில் யார் குறட்டை விட்டது என்றெல்லாம் எழுதிப் பெயர் வாங்கியவள். இந்த மாதம் ஃபாதர் இதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் தனியா மகனுக்கு அனுப்பக்கூடாதா?" என்று கேட்டார். கூடாது ஃபாதர் என்றேன். நான் அந்தக் காரியத்தைச் செய்தது ஊர் வாய்க்குப் பயந்து. அப்படியானால் ஊர் வாய் இருக்கிற இடத்தில் வைத்துத்தானே அதைச் சொல்லவேண்டும்.

விஷயம் இதுதான். மூன்று வாரம் முன்பு, அந்த நாளில் நீங்கள் கொடுத்திருந்த கடை மெயிலுக்கு ஒன்று வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ கண்டுபிடித்ததாக உலகம் நம்புகிற அந்தச் சிறுகோளுக்கு இப்போது நிரந்தர எண் கொடுத்துவிட்டார்களாம். இத்தனை வருஷமும் அதற்கு வருஷமும் இரண்டு எழுத்தும் சேர்ந்த தற்காலிகப் பெயர்தான், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் காலில் கட்டுகிற அட்டை மாதிரி. வேறு வேறு ஊர்த் தொலைநோக்கிகள் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்து, அது சூரியனைச் சுற்றுகிற பாதை இதுதான், இனி தொலையாது என்று உறுதி செய்த பிறகுதான் எண் தருவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எண் வந்துவிட்டதால் கண்டவர் பெயர் ஒன்று முன்மொழியலாம். பதினாறு எழுத்துக்குள் இருக்கவேண்டும். அரசியல்வாதி பெயர் கூடாது, கம்பெனி பெயர் கூடாது, நாய் பூனை பெயரும் வேண்டாம். நம் வார்டில் இந்த மூன்றையும் கழித்துவிட்டால் பெயர் வைக்க ஆளே மிஞ்சாது.

நான் அந்த மெயிலைப் பதினொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மா பதினொரு நாள் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருந்தாள் என்றால் நம்ப மாட்டாய். அப்பாவே நம்பவில்லை. "உடம்பு இன்னா பண்ணுது உனுக்கு? மூணு நாளா ஸ்டெல்லாவுக்குப் போன் பண்ணலியே" என்று கேட்டார்.

உனக்கு ஞாபகமிருக்கிற கதையை முதலில் சொல்கிறேன். பிறகு உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நீ பதினொன்றாம் வகுப்பு. உங்கள் அறிவியல் சார் ஏதோ வெளிநாட்டுத் திட்டத்தில் பள்ளியைச் சேர்த்தார். மலை உச்சியில் இருக்கிற பெரிய தொலைநோக்கி எடுத்த வானத்துப் படங்களைப் பிள்ளைகளுக்கு அனுப்புவார்கள். ஒரே இடத்தைச் சில நிமிஷ இடைவெளியில் எடுத்த நாலு படம். நாலையும் மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்கும். ஒரு புள்ளி மட்டும் நேர்கோட்டில் சமமாக நகர்ந்தால் அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற கல்லாக இருக்கலாம். சார் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார். உனக்கு ஜோடி மோனிஷா. சேக்காட்டிலிருந்து வருகிறவள், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, பேசினால் பாதி வார்த்தையை விழுங்கிவிடுவாள். பள்ளியில் கம்ப்யூட்டர் மூன்று, வேலை செய்வது ஒன்று. நம் கடையில் இரண்டுமே வேலை செய்யும். அதனால் பள்ளி விட்டதும் இரண்டு பேரும் ஆவடி ஸ்டேஷன் பக்கம் நம் கடைக்கு வந்து, மூலையில் இருக்கிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொள்வீர்கள். நான் இந்தப் பக்கம் சாதிச் சான்றிதழும் ரேஷன் கார்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே உங்களைக் காதால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காதால் பார்த்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். நீ மேடைகளில் சொல்கிற கதையில், நீ அந்தப் புள்ளியைப் பார்த்தாய். நீ சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பலமுறை சொன்ன கதை சொன்னவனுக்கே நடந்ததாகிவிடும், அந்த வியாதி என்னிடமிருந்து உனக்கு வந்தது. ஆனால் அன்று நடந்தது இது. நீ மூன்று புள்ளியைக் குறித்து மூன்றும் தப்பாகி, கோபத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு பஜ்ஜி வாங்கப் போயிருந்தாய். அவள் தனியாக உட்கார்ந்து படத்தை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். நீ திரும்பி வந்ததும் சொன்னாள்.

"இது போவுது பாரு."

"எது?"

"இந்த ஓரத்துல. பொடிசா."

"அது பிக்சல் கோளாறு. அது மாரி நூறு கீது."

"கோளாறு இருந்தா நின்ன எடத்துலயே மினுக்கும். இல்லாட்டி தாவும். இது நடக்குது."

"உனுக்கு கண்ணு கெட்டுப்போச்சு. பஜ்ஜி துன்னு."

"நீ மொதல்ல கைய தொடச்சுக்கோ. எண்ணக் கையோட மவுஸ தொடாத, ஆன்ட்டி திட்டும். உக்காந்து பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நடக்குதா இல்லியா?"

நீ பத்து நிமிஷம் நாலு படத்தையும் மாற்றி மாற்றி ஓடவிட்டாய். பிறகு, "ஆமா" என்றாய். அந்த "ஆமா"வைத்தான் நீ இப்போது கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். அளவெடுத்தது நீ, கணக்குப் பார்த்தது நீ, அறிக்கையின் எண்களை வரிசையாக அடித்ததும் நீ. அதெல்லாம் நிஜம். அதில் நான் கை வைக்கவில்லை. அறிக்கையின் மேலே கவனித்தவர் என்கிற வரியில் அவள் தன் பெயரையும் உன் பெயரையும் அவள் கையாலேயே அடித்தாள். ஒரே வரி, பக்கத்தில் பக்கத்தில். மணி ஆறரை. அவளுக்கு சேக்காட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கவேண்டும், உனக்கு டியூஷன். "அம்மா, சார் மெயிலுக்கு இத அனுப்பிடு, நாளைக்கு கடைசி நாள்" என்று சொல்லிவிட்டு இருவரும் ஓடினீர்கள்.

அந்த நேரத்தில் ஸ்டெல்லாக்கா வந்தார். மாதா சபைத் தலைவி, என் பதினெட்டு வருஷத்துத் தோழி, இதை நிச்சயம் படித்துக்கொண்டிருப்பார். வணக்கம் அக்கா, உங்கள்மேல் தப்பில்லை, மேலே படியுங்கள். சபையின் பெயர்ப் பட்டியலை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் திரையை எட்டிப் பார்த்தார். நம் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பையன் பெயரையும் பெண் பெயரையும் சேர்த்து வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் கேட்பாரே, அந்த ஓலை வாசிப்பு வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அக்காவுக்கு ஆண் பெயரும் பெண் பெயரும் ஒரே வரியில் இருந்தால் வேறு எதுவும் தோன்றாது.

"இன்னாம்மா, உன் ஊட்ல மொத ஓலை கம்ப்யூட்டர்லயே வந்துட்சா? பொண்ணு எந்தப் பங்கு?"

"சும்மா இருக்கா. ஸ்கூல் வேல அது."

"பேர் நல்லாத்தான் கீது. மோனிஷா. ஞானஸ்நானப் பேரு இன்னா வெக்கப் போற?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்தது அவரைவிடச் சத்தமாக. பட்டியலை வாங்கிக்கொண்டு அவர் போனதும் நான் அந்த வரியில் அவள் பெயரை அழித்தேன். ஏழோ எட்டோ தட்டு. பிறகு உங்கள் சாருக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கு பான் கார்டு விண்ணப்பம் பூர்த்தி செய்தேன், கடையைப் பூட்டினேன், வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். எந்தக் கலக்கமும் இல்லை. என்னை இப்போது தூங்கவிடாமல் செய்வது அதுதான். அழித்ததுகூட அல்ல, அழித்துவிட்டு ரசம் நன்றாக வைத்தேனே, அது.

ஊர் பேச்சுக்குப் பயந்தேன் என்று எழுதுவது எனக்கு வசதி. ஊர் பேச்சில் பாதி நானே பேசுவதுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வரியை நாளைக்குச் சான்றிதழாக அடித்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால், வருகிறவர் போகிறவர் எல்லாம் என்ன சொல்வார்கள் என்று எனக்கு அப்படியே கேட்டது. ஏனென்றால் வேறு வீட்டுச் சுவரில் இருந்தால் நான்தான் அதைச் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பெயர் நம் பங்கில் ஒரு ரெயில்வே குடும்பத்துப் பெண்ணின் பெயராக இருந்திருந்தால் அழித்திருப்பேனா? மாட்டேன். "இருந்தா இருக்கட்டுமே அக்கா" என்று நானும் சேர்ந்து கேலி செய்திருப்பேன். மோனிஷாவின் அம்மா திருநின்றவூர்ப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்து, அந்த வயலெல்லாம் மனையானதும் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவ வந்தவர். என்னைப் பெற்றவளும் நாற்று நட்டவள்தான். அந்த வயலுக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஞானஸ்நானமும் ஒரு அரசாங்கச் சம்பளமும் வந்துவிட்டதால் அது மறந்துபோயிற்று. மறந்தவர்களுக்குத்தான் பயம் அதிகம் தம்பி. இதை அறிவுரையாக எடுத்துக்கொள். இந்தக் கடிதத்தில் அறிவுரை சொல்ல எனக்கு இருக்கிற யோக்கியதை அவ்வளவுதான்.

அப்புறம் மாதங்கள் கழித்துச் சான்றிதழ் வந்தது, உன் பெயரோடு மட்டும். பூசை முடிவில் ஃபாதர் அறிவித்தார், எல்லாரும் கைதட்டினார்கள். உன் சித்தப்பா தெரு முக்கில் பேனர் கட்டினார். "விண்ணை வென்ற எங்கள் வீட்டு விஞ்ஞானியே" என்று போட்டு, உன் படத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கல் தீப்பிடித்துக்கொண்டு பூமிமேல் விழுகிற மாதிரி. அது எங்கேயும் விழாது, கோடிக்கணக்கான மைல் தூரத்தில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். யார் கேட்டார்கள். பால்காரர் என்னிடம் வந்து, "அக்கா, அது நம்ம ஆவடில வுயுமா, அம்பத்தூர்ல வுயுமா?" என்று கேட்டார். தெரியவில்லையே என்றேன். "அம்பத்தூர்ல வுயட்டும். ஊட்டு வாடகையாவது கொறையும்" என்றார். பேனருக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், பள்ளிப் பையோடு மோனிஷா நின்றிருந்தாள். அவள் முழுதாகப் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை, வகுப்பில் உன்னைவிட இரண்டு மார்க் மேலே. இருந்தும் ரொம்ப நேரம் படித்தாள்.

அன்று நீ கேட்டாய், "அம்மா, அவ பேர் ஏன் இல்ல?" நான் சொன்னேன், "அந்த ஃபாரத்துல ஒரு பேர்தான்டா போவும்." என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்யெல்லாம் சின்ன வாக்கியமாகத்தான் இருந்திருக்கிறது. நீ நம்பினாய். அவளிடம் போய் அப்படியே சொன்னாய். அதற்குப் பிறகு அவள் உன்னோடு பேசவில்லை. ஒரு வாரம் பொறுத்து நீ என்னிடம், "மோனிஷா மூஞ்சியே குடுக்க மாட்றாம்மா. பொறாமையா?" என்று கேட்டாய். அப்போது உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு கதவு திறந்திருந்தது. நான் சொன்னது, "ஆமாடா, பொறாமதான். வுடு." முதல் பொய் அவளுக்குச் சேரவேண்டியதை எடுத்தது. இரண்டாவது பொய் உங்கள் இருவருக்கும் இருந்த சினேகத்தை எடுத்தது. நீ அதற்குப் பிறகு அவளைப்பற்றிப் பேசியதே இல்லை. பொறாமைக்காரி ஒருத்தி என்று உன் மனதில் எங்கோ ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறாய். போட்டு வைத்தது நான்.

உனக்கு அந்தச் சான்றிதழ் என்னென்ன செய்தது என்று உனக்கே தெரியும். கல்லூரி நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான். பிறகு உதவித்தொகை, பிறகு இந்தக் குளிர் தேசம், இப்போது அதே மாதிரிக் கற்களைப் பற்றியே ஆராய்ச்சி. அவளுக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்டதில்லை, சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற சமயத்தில் அவள் அப்பா மூட்டை இறக்கும்போது முதுகு போய்ப் படுத்துவிட்டார். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். என்ன வேலை தெரியுமா? விரல் அளவு எலெக்ட்ரானிக் பலகைகள் வரிசையாக வரும். லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்து, ஆயிரம் புள்ளியில் எந்தப் புள்ளி சரியில்லை என்று எடுத்துப்போடவேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பி ஒன்றுகூடப் போகாது என்று சூப்பர்வைசர் சொல்வாராம். அந்தக் கண்ணுக்கு இந்த ஊர் கொடுத்த வேலை அது. கம்பெனி வேன் நம் கடைக்கு எதிரேதான் நிற்கும். எட்டு வருஷமாக விடியற்காலையில் அவள் ஏறுவதையும் சாயங்காலம் இறங்குவதையும் பார்க்கிறேன். ஜெராக்ஸுக்கு வருவாள். அவளிடம் மட்டும் நான் காசு வாங்கியதில்லை. ஆவடியிலேயே மலிவான பாவப்பரிகாரம் அதுதான். அவள் ஒருமுறைகூட உன்னைப்பற்றிக் கேட்டதில்லை.

பாவசங்கீர்த்தனத்திலாவது சொன்னாயா என்று கேட்பாய். நம் ஃபாதருக்கு என் குரல் தெரியுமென்று பூந்தமல்லிக்குப் பஸ் ஏறிப் போனேன். அங்கேயும் வரிசையில் நின்று, மண்டியிட்டு, கோபப்பட்டேன், ஜெபமாலை தவறவிட்டேன், பிறரைப்பற்றிப் புறம் பேசினேன் என்று வழக்கமான பட்டியலை ஒப்பித்துவிட்டு வந்தேன். அந்த ஃபாதர் "மூன்று அருள் நிறை மரியே ஜெபம் சொல்லுங்கம்மா" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது சொல்லி முடித்துவிட்டேன், போரூர் ஆள் ஒருவரோடு ஜன்னல் சீட்டுக்குச் சண்டையும் போட்டேன்.

எண் வந்த பிறகுதான் பயம் வந்தது. நிரந்தரம் என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு. அந்தத் திட்டத்துக்காரர்களுக்கு என் அரைகுறை ஆங்கிலத்தில் மெயில் போட்டேன், நடந்ததை எழுதி, அவள் பெயரைச் சேர்க்கச் சொல்லி. மரியாதையாகத்தான் பதில் வந்தது. அந்தச் சமயத்தில் அனுப்பிய அறிக்கையில் இருந்த பெயர்தான் கண்டவர் பெயர், பதிவாகி வெளிவந்த பிறகு அதைத் திறந்து சேர்க்க வழியில்லை, வருந்துகிறோம் என்று. கூடவே ஒரு வரி, கண்டவர் விரும்பினால் அந்தச் சிறுகோளுக்கு அவள் பெயரைச் சூட்டப் பரிந்துரைக்கலாமே என்று. எனக்கு உயிர் வந்தது. அட, இவ்வளவுதானே என்று நினைத்தேன். கல்லுக்கு மோனிஷா என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும். சொல்லப்போனால் கண்டவர் பெயரைவிட அது பெரிது. அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

அதே வாரம் ஞாயிறு நீ கூப்பிட்டாய். அடுத்த மாதம் பல நாட்டு ஆட்கள் கூடுகிற மாநாட்டில் நீ பேசப்போவதாகவும், முதல் படமாக அந்தப் பேனரைப் போட்டு, அம்மாவின் ஜெராக்ஸ் கடையில் ஒரு சாயங்காலம் நான் ஒரு புள்ளி நகர்வதைப் பார்த்தேன் என்று ஆரம்பிக்கப்போவதாகவும் சொன்னாய். "நீயும் ஃபேமஸ் ஆயிடுவம்மா" என்றாய். நான் சங்கரா மீன் விலை ஏறிவிட்டது என்றேன்.

மறுநாள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி மோனிஷா கடைக்கு வந்தாள். கல்யாணப் பத்திரிகை அடிக்கவேண்டும் என்று ஒரு தாளை நீட்டினாள். மாப்பிள்ளைக்குத் திருவேற்காடு, ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். நான் உட்கார்ந்து அவள் பெயரை அடித்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை பெயரை அடிக்கவேண்டும். கை ஓடவில்லை. "இன்னா ஆன்ட்டி, கரண்ட் போச்சா?" என்று கேட்டாள். கரண்ட் இருந்தது. அவளை ஸ்டூலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெல்லாக்கா கேட்டது, நான் சிரித்தது, அழித்தது, ஃபாரத்தில் ஒரு பெயர்தான் போகும் என்றது, பொறாமை என்றது. அவள் சாப்பாட்டுப் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"சாராண்ட அந்த மெயில காட்டச் சொல்லி பாத்தேன் ஆன்ட்டி, அப்பவே. நா அடிச்ச பேர யாரோ எட்துட்டாங்கன்னு தெரியும்."

"தெரியுமா?"

"அவன்தான் எட்துட்டான்னு நெனச்சேன்."

சுருட்டிய வாரைப் பிரித்துவிட்டு மேலே சொன்னாள்.

"இத்தன வருசமா அவன்னே நெனச்சுகினு கீறேன். நீங்க ஜெராக்ஸ் போட்டுக் குடுக்கும்போதுல்லாம், பாவம், புள்ள பண்ணதுக்கு அம்மா காசு வாங்க மாட்றாங்கன்னு நெனப்பேன்."

தம்பி, நான் சிரிப்பு எழுதுகிறவள். இதைவிட நல்ல வாக்கியம் எனக்கு இதுவரை அமைந்ததில்லை, இனி அமையப்போவதும் இல்லை. அவசர அவசரமாக அந்தப் பெயர் சூட்டுகிற விஷயத்தை எடுத்துச் சொன்னேன். உன்னிடம் சொல்லி அந்தக் கல்லுக்கு அவள் பெயரையே வைக்கச் செய்கிறேன், உலகம் இருக்கிறவரை இருக்கும், யாராலும் அழிக்க முடியாது என்றேன். அவள் திரையில் பாதி அடித்து நிற்கிற பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் ஆன்ட்டி."

"ஏன்டி?"

"கண்டுபுடிச்சது அவன், கல்லு பேரு என்னுது. பேப்பர்ல அப்டித்தான வரும்? திருவேற்காட்டுல இன்னா கேப்பாங்க? எவன் அவன், உனுக்கு எதுக்கு வானத்துல பேர் வெச்சான்னு கேப்பாங்க. நா இன்னான்னு சொல்றது?"

"நான் வந்து சொல்றேன் அவங்ககிட்ட."

"அது கூட பரவால்ல. அத்த வுடுங்க." பையை மடியில் வைத்துக்கொண்டாள். "அது நா பாத்தது ஆன்ட்டி. நானே பாத்தேன். இப்ப அவன் பேர் வெச்சா, அவன் எனுக்குக் குடுத்த மாரி ஆயிடும். என் பொருள எனுக்கே எவனாவது குடுத்தா எப்டி வாங்கிக்கறது?"

நேராகிவிடும் என்று நினைத்தேனே, அதற்கு வழியே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. சில காரியங்களைத் திருத்தப் போனால் அதே காரியத்தை இரண்டாம் முறை செய்வதாக ஆகிவிடுகிறது. பதினாறு எழுத்துக்குள் நீ என்ன வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்தப் பதிவில் கண்டவர் என்கிற இடத்தில் உன் பெயர்தான் இருக்கும். நான் செத்த பிறகும், நீ செத்த பிறகும்.

பிறகு அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் கல்லைப்பற்றி. எவ்வளவு பெரிசு, என்ன நிறம், ஒரு சுற்றுக்கு எத்தனை நாள். நீ எப்போதோ சொன்னதை ஞாபகப்படுத்திச் சொன்னேன். சூரியனைச் சுற்ற நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். அளவு சரியாகத் தெரியாது, நமக்கு வருவது அதன்மேல் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் மட்டும்தான். கரிக்கட்டை மாதிரிக் கறுப்பாக இருந்தால் பெரிய கல், வெளுப்பாக இருந்தால் சின்னக் கல், இரண்டும் இங்கிருந்து பார்க்க ஒரே புள்ளிதான். ஆவடி ஏரிக்குள் போட்டால் ஏரி தெரியாது என்கிற அளவு இருக்கலாம். "தன்னத்தானே சுத்துமில்ல, அதுக்கு எவ்ளோ நேரம்?" என்று கேட்டாள். அது தெரியவில்லை என்றேன். "யாரும் பாக்கலியா?" என்றாள். நீ ஆராய்ச்சிக்கு எடுத்திருப்பது பிரபலமான வேறு கற்கள், இதன் பாதையைக் குறித்ததோடு சரி, வேறெதற்கும் யாரும் உற்றுப் பார்க்கவில்லை என்று நீ ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீனைப்பற்றிப் பேசவும் வாய் வரவில்லை.

எழுதப்போகிறேன், பங்கு மடலில், எல்லாரும் படிக்கும்படி, என்று மட்டும் சொன்னேன். சம்மதமா என்று கேட்டேன். "எழுதுங்க. என் பேர் போடுங்க. பக்கத்துல அவன் பேர் வேணாம்" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம் முழுக்க உன் பெயர் இல்லை. உன் மாநாட்டு மேடையில் நீ என்ன சொல்லவேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. உண்மையைச் சொன்னால் உன் உதவித்தொகைக்கு என்ன ஆகும், உன் பேராசிரியர் என்ன நினைப்பார், எதுவும் எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் எனக்குத் தெரியும், ஒன்பது வருஷம் பழகியிருக்கிறேன். இந்த ஞாயிறு போன் வராவிட்டால் அப்பாவிடம் உனக்கு வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்கிறேன். அவர் நம்புவார், இந்த வீட்டில் என்னை நம்புவது ஒரு பழக்கம்.

பத்திரிகையை அடித்து முடித்து, பிழை பார்த்துக் கொடுத்தேன். பையை மாட்டிக்கொண்டு படி இறங்கியவள் திரும்பி வந்தாள். ஏதோ எழுத்துப் பிழை கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அவனுக்கு இது தெரியவே தெரியாதில்ல ஆன்ட்டி?"

"தெரியாதும்மா."

"அப்ப அவனும் பாவம். தானே கண்டுபுடிச்சோம்னு நெனச்சுதான அவ்ளோ தூரம் போயிருக்கான். ஒரே அடியா போட்டு ஒடைக்காதீங்க. மெதுவா சொல்லுங்க."

மெதுவாகச் சொல்கிற வழி எனக்குத் தெரியவில்லை தம்பி. நீளமாகச் சொல்லத்தான் தெரிந்தது.

அம்மா